‘வுத்ரே’ என்று திருத்தி எழுதிய அண்ணனுக்கு

எஞ்சின் சத்தம் கேட்காத இடத்தில் இளைப்பாறிக்கொண்டிருக்கிற என் லூர்து அண்ணனுக்கு,

உன் தங்கச்சி மெட்டில்டா எழுதுகிறேன். நான் உயிரோடு இருந்தபோது பதினாலு மாதம் என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சிரி. அடுத்த மாதம் உன் ஆண்டுப் பூசை. நம் பங்குக் கோயில் மாத இதழில் போட உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ?

முதலில் ஊர்ச் சேதி சொல்லிவிடுகிறேன். பருவம் தப்பிப் பெய்த மழையில் இந்த வருஷம் பாதி உப்பளம் வெறும் குளமாகக் கிடக்கிறது. உன் பைக்கை மதினி யாருக்கும் கொடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் துடைத்து வைக்கிறாள். உன் மகள் ஜெனி பல் டாக்டர் படிப்பில் நாலாம் வருஷம். விடுமுறைக்கு வந்தால் தெருவில் எல்லோர் வாயையும் திறந்து பார்க்கிறாள். நான் அதே கப்பல் ஏஜென்சி ஆபீஸில், அதே மேசையில், சரக்குக் காகிதங்களோடு இருக்கிறேன். புதுசாகச் சொல்ல ஒன்றுதான் உண்டு. நான் பிரெஞ்சு படிக்கிறேன்.

ஐம்பத்தொரு வயதில் இது என்ன கிறுக்கு என்று கேட்பாய். நீதான் காரணம்.

உன்னை அடக்கம் செய்து நாற்பது நாள் இருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மதினி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நமக்குள் பேச்சு நின்றதிலிருந்து அவள் இங்கே வந்ததே இல்லை, உனக்கும் எனக்கும் நடுவில் கிடந்து என்ன செய்வாள் பாவம். உள்ளே வந்து உட்கார்ந்தாள். காப்பி வேண்டாம் என்றாள். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

நீ கண்மூடின அந்தப் பிரெஞ்சு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து உன் சாமானோடு வந்த நோட்டு. உன்னைக் கப்பலிலிருந்து அவசரமாக இறக்கினபோது போன்கூடக் கப்பலிலேயே தங்கிவிட்டதாம். ஒரு சட்டைப் பை நோட்டும் செபமாலையும்தான் உன்னோடு போயிருக்கின்றன. நோட்டு முழுக்கக் கப்பல் எஞ்சின் ரூமில் நீ பார்த்த மோட்டார்மேன் வேலைக் கணக்குத்தான். எந்தப் பம்புக்கு எண்ணெய் விட்டது, எந்த வால்வு ஒழுகுது. கடைசிப் பக்கத்தில் மட்டும் தமிழ் எழுத்தில் ஒரு வரி, ஆனால் தமிழ் இல்லை.

‘ழெ வெ’ என்று எழுதி, ‘வெ’யை வெட்டி, மேலே ‘வுத்ரே’ என்று போட்டிருந்தாய். அப்புறம் ‘அப்லே மா சேர், சில் வு ப்லே.’

“செபம்னு நெனச்சேன் மொதல்ல,” என்றாள் மதினி. “பிறவு போன்ல மொழிபெயர்க்குதாங்கல்லா, அதுல வாசிச்சுக் காட்டுனேன்.”

“என்ன சொல்லிச்சு?”

அவள் வாசலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“‘நான் என் அன்பானவளை அழைக்க விரும்புகிறேன், தயவுசெய்து’ன்னு சொல்லுதுளா. நாலு தடவ கேட்டுப் பாத்துட்டேன். அதேதான் வருது. யாருளா அந்த அன்பானவ? என்னைய ஒருநாளும் அவுக அப்பிடிக் கூப்பிட்டதில்ல. ஆஸ்பத்திரிக்கு வந்த கப்பல் ஏஜென்ட்டு போன்ல என்ட்ட பேசுனப்பவும் ‘ஏளா, கேஸ் அடுப்ப அணைச்சியா’ன்னுதான் கேட்டாக.”

இருபத்தேழு வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தினவள் அண்ணே. அழவில்லை. துக்கத்தை முழுசாகத் துக்கமாக வைத்துக்கொள்ளக்கூட விடாமல் அந்த ஒரு வரி அவளை அரித்துக்கொண்டிருந்தது. நீ அப்படி ஆள் இல்லை என்று சொன்னேன். “ஒனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு வருஷமா ஒங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லையே,” என்றாள்.

திங்கட்கிழமை ஆபீஸில் விசாரித்து, காரைக்காலில் ஒரு பெண் போனில் பிரெஞ்சு வகுப்பு எடுக்கிறாள் என்று தெரிந்தது. பேர் யாஸ்மின். இருபத்துநாலு வயசு. அடுத்த சனிக்கிழமை மதினியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவளை வீடியோவில் கூப்பிட்டேன். நோட்டை அவளுக்குக் காட்டினேன்.

யாஸ்மின் முதலில் சிரித்தாள். “இவர் ‘ழ’ போட்டிருக்கார். அது ‘ழ’ இல்லக்கா. ஆனா அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அந்தச் சத்தத்துக்கு நம்மகிட்ட எழுத்து ஏது?” அப்புறம் வரியை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

“மிஷின் சொன்னது தப்புக்கா. ‘ஷேர்’னு ஒரு சொல் இருக்கு, அன்பானங்கிற அர்த்தம். ஆனா இந்த மாதிரி வாக்கியத்துல அது தனியா நிக்காது, பின்னாடி ஒரு ஆள் வரணும். அன்பான தோழி, அன்பான அம்மா, இப்படி. இங்க பின்னாடி யாருமே இல்லையே. அப்ப இது ‘ஷேர்’ இல்ல, ‘ஸேர்’. நம்ம ‘சே’ ரெண்டுக்கும் ஒண்ணுதானே, அதான் குழப்பம்.”

“ஸேர்னா?” மதினிதான் கேட்டாள்.

“சகோதரி. ‘நான் என் சகோதரியைக் கூப்பிடணும், தயவுசெய்து.’ போன் பண்ணணும்னு கேட்டிருக்கார்.”

மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இத்தனை நாளும் அடக்கி வைத்ததெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது. “ஒனக்குளா, ஒனக்குத்தாம்ளா” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்குப் பாரம் இறங்கிவிட்டது. அது என் மேல் ஏறிக்கொண்டது. ஏனென்று அவளுக்குத் தெரியாது.

அண்ணே, உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது? உன்னைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனது ஒரு வியாழக்கிழமை, அங்கிருந்து நீ திரும்பவே இல்லை. அதற்கு முந்தின நாள், புதன்கிழமை பகல் பதினொன்றரைக்கு என் போன் அடித்தது. முன்னே பின்னே பார்த்திராத வெளிநாட்டு நம்பர். மரம் ஏற்றி வந்த ஒரு கப்பலின் காகிதத்தில் எடை தப்பாக இருந்து, கஸ்டம்ஸ் ஆள் எதிரே நிற்கிறார். வெளிநாட்டு நம்பரில் மோசடிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், எடுக்காதீர்கள் என்று அந்த வாரம்தான் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். வெட்டிவிட்டேன். திரும்ப அடித்தது. திரும்ப வெட்டினேன். மூன்றாம் தடவை வராமலிருக்க அந்த நம்பரைத் தடுத்தும் வைத்துவிட்டேன்.

நீ வயிற்றுவலியில் எங்கோ படுத்திருக்கிறாய், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொந்தக்காரர்கள் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். எந்த நாடு என்றுகூட நான் கேட்கவில்லை. அப்படி ஒரு வீம்பு.

மதினி போனதும் போனைத் திறந்து தடுத்த நம்பர் பட்டியலைப் பார்த்தேன். ஒரே ஒரு நம்பர். முன்னால் முப்பத்துமூன்று, பிரான்ஸ். அது எந்த நாட்டு எண் என்று தேடிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட எனக்கு இருக்கவில்லை, கப்பல் ஆபீஸில் வேலை செய்கிறவள்தானே? அன்றைக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த நம்பருக்கு நானே பேசுவது என்று முடிவு செய்தேன். யாரையாவது வைத்துப் பேசியிருக்கலாம், யாஸ்மினே பேசித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வெட்டினது நான். நான்தான் கூப்பிட வேண்டும்.

நாலு மாதம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு. உன் வரியை வைத்தே படிக்கலாம் என்று நான் கேட்டேன். அது பாலர் பாடம் இல்லைக்கா, உள்ளே நிறைய இருக்கு என்றாள் யாஸ்மின். இருந்தது.

‘சில் வு ப்லே’யை முதலில் உடைத்தோம். நான் அதை ‘ப்ளீஸ்’ என்று ஒரே மூட்டையாக நினைத்திருந்தேன். உள்ளே ஒரு முழு வாக்கியம் இருக்கிறது அண்ணே. ‘அது உங்களுக்குப் பிடிக்கும் என்றால்.’ ஆங்கிலத்தின் வழியாக வருகிற பிள்ளைகள் இங்கேதான் முட்டிக்கொள்வார்களாம். ‘வு’ என்றால் நீங்கள், அப்படியானால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்களாம். “அவங்க ஒண்ணும் செய்யலக்கா. இங்க அது ‘நீங்க’ இல்ல, ‘உங்களுக்கு’,” என்றாள். எனக்கு உடனே பிடிபட்டது. எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது, எனக்குப் பிடிக்கும் என்றுதானே நாமும் பேசுகிறோம்? யாரும் எதையும் செய்வதில்லை, நமக்கு அது வந்து சேருகிறது. நான் சரியாகச் சொன்னதும் யாஸ்மின் கை தட்டினாள். சின்னப் பிள்ளையைப் போல எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்தது நீ வெட்டின சொல்.

“‘வெ’ன்னா வேணும். தப்பே இல்ல. ஆனா முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும். ‘வுத்ரே’யும் அதே வினைதான். ஆனா அதுக்குள்ள ஒரு ‘இருந்தா’ ஒளிஞ்சிருக்கு. முடியும்னா, உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா, அந்த மாதிரி. தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு எனக்கே தெரியல.”

நான் யோசித்தேன். “விருந்துக்குப் போன வீட்டுல தண்ணி கேக்கணும்னா ‘தண்ணி வேணும்’னு சொல்ல மாட்டோம். ‘கொஞ்சம் தண்ணி கெடச்சா நல்லாருக்கும்’ம்போம். அது மாதிரியா?”

“அதேதான்க்கா! அதேதான்! இத நான் இனி எல்லாருக்கும் சொல்லுவேன்.”

அப்படியென்றால் நீ எழுதினது இதுதான்: ‘என் தங்கச்சிட்ட பேசுனா நல்லாருக்கும், ஒங்களுக்குச் சம்மதம்னா.’

நீயா அண்ணே? பிறந்ததிலிருந்து ‘ஏளா, தண்ணி கொண்டா’, ‘ஏளா, கதவத் தொற’ தவிர என்னிடம் வேறு விதமாகப் பேசியிராத நீயா? அம்மா படுத்த படுக்கையாக இருந்த ஒரு வருஷமும் கப்பலிலிருந்து கூப்பிட்டு, அந்த டாக்டர்ட்ட காட்டு, இந்த மாத்திரைய நிறுத்து, அங்கன கூட்டிட்டுப் போ என்று உத்தரவாகவே போட்டவன், அந்த ஒரு சொல்லை வெட்டித் திருத்த எப்படி மனசு வந்தது?

அதே பாடத்தின் கடைசியில் யாஸ்மின் இன்னொன்றும் சொன்னாள். இதே வடிவத்தைத்தான் நடக்காமல் போனதைச் சொல்லவும் பிரெஞ்சுக்காரர்கள் எடுப்பார்களாம். ‘நேரத்தோட கிளம்பியிருந்தா பஸ்ஸப் பிடிச்சிருப்பேன்’ என்று ஓர் உதாரணம் கொடுத்துத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொன்னாள். நான் பேனாவை வைத்துவிட்டேன்.

உனக்குத் தெரியும் ஏனென்று. அம்மா போய் மூன்று மாதம் கழித்து நீ கப்பலிலிருந்து வந்தாய். கல்லறைக்குப் போய்விட்டு வந்து, மதினியும் சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருக்கையில் என்னைப் பார்த்துச் சொன்னாய்: “நீ நேரத்தோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா அம்மா இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பா.” நான் பதில் பேசவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகு எப்போதுமே.

மரியாதையாகக் கேட்பதற்கும் ஆளைக் குத்துவதற்கும் ஒரே வடிவமா? எனக்கு அது கொஞ்ச நாள் சமாதானமாகவே இல்லை. இப்போதும் முழுசாக இல்லை.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த நம்பரை விடுவித்துவிட்டுக் கூப்பிட்டேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒரு பெண் எடுத்தாள். நான் உன் பேரைச் சொன்னேன், நான் அவருடைய தங்கச்சி என்றேன். அவ்வளவுதான். அவள் உன் பேரைத் திரும்ப ஒரு தடவை சொன்னாள்.

அவள் பேர் மிரேய். உன் வார்டு நர்ஸ். நான் புதுசாகப் படிக்கிறவள் என்று புரிந்துகொண்டு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். புரியாத இடத்தில் திரும்பக் கேட்டேன், அலுக்காமல் சொன்னாள்.

நீ முதலில் அவளிடம் ‘எனக்கு போன் வேணும்’ என்று கேட்டாயாம். அவள் உன்னைப் பார்த்து, இப்படிக் கேட்டால் கேப்டன் மாதிரி இருக்கிறது, இங்கே நான் உங்கள் ஆள் இல்லை என்றாளாம் சிரித்துக்கொண்டே. நீ கையாலும் பாதி இங்கிலீஷாலும் சொன்னாயாம், முப்பது வருஷம் எஞ்சின் ரூமில் இருந்தவன், அங்கே கத்தினால்தான் காதில் விழும் என்று. அவள்தான் ‘வுத்ரே’ சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நீ நோட்டை எடுத்து வெட்டித் திருத்தி, ஒரு நாள் முழுக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாய். மறுநாள் காலை அவள் வேலை முடிந்து கிளம்புகிற நேரத்தில் கூப்பிட்டு, முழுசாகச் சொல்லியிருக்கிறாய். அவள் தன் போனையே கொடுத்திருக்கிறாள். என் நம்பர் உனக்கு மனப்பாடமாக இருந்திருக்கிறது.

“நான்தான் எடுக்கவில்லை,” என்றேன். அந்த வாக்கியத்தை நான் தாளில் எழுதி வைத்திருக்கவில்லை.

“தெரியும்,” என்றாள்.

“அவர் கோபப்பட்டாரா?”

“இல்லை. ‘வேலை’ என்றார். கையைக் காட்டி, நாளைக்கு என்றார்.” அப்புறம் சொன்னாள்: “அவருக்குச் சந்தோஷம்தான் மேடம். வாக்கியத்தை ஒரு பிழையும் இல்லாமல் சொல்லிவிட்டார்.”

நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஊதினது. ‘நாளைக்கு’ என்று நீ எதைச் சொன்னாய்? திரும்பக் கூப்பிடுவதையா, அம்மா விஷயத்தைப் பேசித் தீர்ப்பதையா, இல்லை ‘ஏளா, கேஸ் அடுப்ப அணைச்சியா’ என்று கேட்பதையா? மிரேய்க்கும் தெரியாது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

அன்று சாயங்காலமே மதினி வீட்டுக்குப் போனேன். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் வந்தது, வெட்டினது, தடுத்து வைத்தது, நாலு மாதமாக மறைத்தது, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். அவள் கை நின்றது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

ஆய்ந்த நெத்திலியைத் தள்ளி வைத்துவிட்டு, “வெளிநாட்டு நம்பர்னா நானும் கட் பண்ணித்தாம்ளா இருப்பேன்,” என்றாள். அப்புறம் கையைக் கழுவிவிட்டு வந்து, “உக்காரு. ரெண்டு பேரு சாப்பிடுத மாதிரி உல வைக்கேன்,” என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் திடீரென்று கேட்டாள்: “கடைசியாப் பேசணும்னு ஒன்னையத்தான் தேடிருக்காக. எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு. சொல்லலாம்லா?” சொல்லலாம் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கேதான் எனக்குச் சாப்பாடு. மிரேய்க்கு நம்ம ஊர் முந்திரி மக்ரூன் ஒரு டப்பா அனுப்பினோம். அவர்கள் ஊர் மக்ரூன் போலக் கலர் கலராக இருக்கும் என்று நினைத்தாளாம், வெள்ளையாக இருந்ததும் இது வேறு சாதி என்று எழுதியிருந்தாள்.

அண்ணே, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. அம்மாவை நான் நன்றாகத்தான் பார்த்தேன். முதல் நாள் மூச்சிரைத்தபோதே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரே கையை விரித்துவிட்டார். உன்னைக் கப்பலில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வேண்டாம் என்று அம்மாதான் என் வாயை அடைத்தாள். நீ அப்படிக் கேட்டபோது இதைச் சொல்லியிருந்தால் நீ ஒரு நிமிஷத்தில் அழுதிருப்பாய். நான் சொல்லாமல் உன்னைத் தண்டித்தேன். உன் மேல் தப்பு இருக்கிறது. என் மேலும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துவிட எனக்கு மனசு வரவில்லை, இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

ஜெனிக்கு மட்டும் இன்னும் எதுவும் தெரியாது. ‘அப்பா கடைசியா யார்ட்ட பேசினாங்க அத்தை?’ என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இரண்டு தடவையும் பேச்சை மாற்றினேன். இந்தக் கடிதம் பங்கு இதழில் அச்சாகி ஊர் வாசிப்பதற்கு முன்னால் அவள் கேட்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை ஊருக்கு வர முத்துநகர் ரயிலில் ஏறுகிறாள். சனிக்கிழமை அவளை எதிரே உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நானே வாசித்துக் காட்டுவேன். அவள் அழலாம், கத்தலாம், என்னோடு பேசமாட்டேன் என்றும் சொல்லலாம். அவள் உன் மகள், என் மருமகள், நம் இரண்டு பேர் வீம்பும் அவளிடம் உண்டு. எது சொன்னாலும் நான் எழுந்து போகமாட்டேன் அண்ணே. பதில் சொல்லுவேன். அவள் பேசும்வரை அங்கேயே இருப்பேன்.

உன் ஒரே தங்கச்சி,
மெட்டில்டா